வழங்கியவர் பெயர் இருக்கு. போராடியவர் பெயர் எங்கே?



இன்னைக்கு வீட்டை விட்டு வெளியே போகும்போது ஒரு வேலை செய்யுங்க. உங்க தெருவுக்குத் தண்ணி தர்ற மேல்நிலைத் தொட்டியை ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. அதில் என்ன எழுதியிருக்கு? திட்டத்தின் பெயர் இருக்கும். கொள்ளளவு இத்தனை லிட்டர்னு இருக்கும். மதிப்பீடு இத்தனை லட்சம்னு இருக்கும். அதுக்குக் கீழே கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர் எல்லாம் வரிசையா இருக்கும்.

அப்படியே பேருந்து நிறுத்தத்துக்கு வாங்க. நிழற்குடையில் தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டிக் கொடுத்தவர் பெயர் எட்டடிக்கு இருக்கும். ஊர் பெயர் எங்கே இருக்குன்னு தேடணும். வெளியூர்க்காரர் ஒருத்தர் இறங்கினா, 'இது எந்த ஊரு?'ன்னு டீக்கடையில்தான் கேட்கணும்.

இதைச் சிரிக்கிறதுக்காகச் சொல்லலை. அந்தத் தொட்டி சும்மா வந்துடலை. உங்க ஊரில் யாரோ ஒரு அம்மா காலிக் குடத்தோட சாலையில் உட்கார்ந்தாங்க. யாரோ ஒரு பெரியவர் திங்கட்கிழமை தோறும் மனுவை எடுத்துக்கிட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். யாரோ ஒரு இளைஞர் மேல வழக்குப் போட்டாங்க. அதுக்குப் பிறகுதான் தொட்டி வந்துச்சு. ஆனா கல்வெட்டில் அவங்க யாரும் இல்லை.

வழங்கியவர் பெயர் மட்டும் இருந்தா, அந்தத் தண்ணி யாரோ போட்ட பிச்சை மாதிரி ஆயிடும். போராடியவர் பெயர் இருந்தா, அது நம்ம உரிமைன்னு தொட்டியே சொல்லும். இன்றைய பதிவு இதைப் பற்றித்தான்.

*மதுரை வில்லாபுரத்துக்குப் போவோம்*

1996-இல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கி நடந்த முதல் தேர்தல் அது. மதுரை மாநகராட்சியில் வில்லாபுரம் பகுதியிலிருந்து லீலாவதி என்ற பெண் மாமன்ற உறுப்பினர் ஆனார். எளிய உழைப்பாளிக் குடும்பம். மார்க்சிஸ்ட் கட்சி.

அந்தப் பகுதி மக்களுக்கு அப்போ தண்ணீர்தான் பெரிய பிரச்சினை. குழாயில் வராத தண்ணி, காசு கொடுத்தா மட்டும் வந்துச்சு. தண்ணீரை விற்றுப் பிழைத்தவர்களுக்கு அது நல்ல வருமானம். லீலாவதி கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: மாநகராட்சித் தண்ணீர் எங்க மக்களுக்குக் குழாயில் வரணும். அதுக்காக மாமன்றத்தில் பேசினார், அதிகாரிகளைப் பார்த்தார், மக்களைத் திரட்டினார்.

1997 ஏப்ரல் 23. பட்டப்பகலில், அவர் வாழ்ந்த அதே பகுதியில், அவரை வெட்டிக் கொன்றார்கள். பதவிக்கு வந்து ஒரு வருஷம்கூட முடியலை.

தோழர்களே, அவர் நம்ம கட்சி இல்லை. அவர் கட்சித் தோழர்கள் ஆண்டுதோறும் அவர் நினைவு நாளில் அஞ்சலி செலுத்துகிறார்கள். அது அவர்கள் செய்யும் மரியாதை. ஆனா லீலாவதி கேட்ட தண்ணீர் எல்லாக் கட்சிக்காரர் வீட்டுக்குமான தண்ணீர். குடத்துக்கு ஏது கட்சி? அவருக்கான மரியாதையும் எல்லாரும் சேர்ந்து, அரசின் கையால் செய்ய வேண்டியது.

இன்னைக்கு முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை லோயர் கேம்ப்பிலிருந்து குழாய் வழியா மதுரைக்குக் கொண்டுவரும் பெரிய திட்டம் நடக்குது. அதுக்காக மாநகரின் பல இடங்களில் மேல்நிலைத் தொட்டிகள் எழும்பியிருக்கு. நம்ம கோரிக்கை எளிமையானது: நகரின் தென்பகுதிக்குத் தண்ணீர் தரும் தொட்டிகளில் ஒன்றுக்கு லீலாவதியின் பெயர் வேண்டும். பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி: 'இந்தப் பகுதி மக்களின் குடிநீருக்காகப் போராடி 1997-இல் உயிர் கொடுத்தவர்.' பள்ளிக்கூடம் போற ஒரு பிள்ளை அதைப் படிச்சுட்டு, 'தண்ணிக்காக எதுக்கும்மா கொன்னாங்க?'ன்னு வீட்டில் கேட்கணும். அந்தக் கேள்வி வந்தா போதும்.

*நல்ல உதாரணமும் நம்மகிட்டயே இருக்கு*

அதே முல்லைப் பெரியாறு. 1895-இல் அந்த அணை பயன்பாட்டுக்கு வந்தது. கட்டியவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். தேனியில் புதிய பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர் வெச்சிருக்காங்க. லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கு. ஜனவரி 15 அவர் பிறந்த நாள். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் அன்னைக்கு அவர் படத்துக்கு முன்னால பொங்கல் வைக்கிறாங்க. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறாங்க. யாரும் உத்தரவு போட்டுச் செய்யலை. மக்கள் மனசில் முதலில் இருந்த பெயர், பிறகுதான் பலகைக்கு வந்தது. அதான் சரியான வரிசை.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. அந்தக் காட்டில் காய்ச்சலிலும் காலராவிலும் வெள்ளத்திலும் செத்துப்போன கூலித் தொழிலாளர்கள் எத்தனை பேர்! பொறியாளர் பெயர் நமக்குத் தெரியும். கல் சுமந்தவர் பெயர்? பென்னிகுயிக்கின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லலை. அவர் பெயர் இருக்கும் இடத்திலேயே அந்தத் தொழிலாளர்களுக்கும் ஒரு வரி இருந்தா அந்தப் பெருமை இன்னும் கூடும்.

தூத்துக்குடியைப் பாருங்க. 2011-இல் அந்தத் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் வந்தது. ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். 1906-இல் சுதேசி கப்பல் கம்பெனியைத் தொடங்கி, வெள்ளைக்காரன் கப்பலுக்குப் போட்டியா அந்தக் கடலில் கப்பல் விட்டவர். 1908-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றவர். அதுக்காகச் சிறையில் செக்கிழுத்தவர். அந்தத் துறைமுகத்துக்கு வேற எந்தப் பெயரும் பொருந்துமா? இடத்துக்கும் பெயருக்கும் இடையில் உழைப்பு இருக்கு. அதனால அந்தப் பெயரைக் கேட்கும்போது ஒட்டவெச்ச மாதிரி தெரியலை.

இப்போ இன்னொண்ணு. 2020-இல் சென்னை மெட்ரோவில் மூணு நிலையங்களுக்கு மூணு முதலமைச்சர்கள் பெயரை, பட்டங்களோட சேர்த்து வெச்சாங்க. அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா. மூணு பேரும் நாட்டுக்குத் தெரிஞ்ச தலைவர்கள்தான், மறுக்கலை. ஆனா மக்கள் இன்னைக்கும் ஆலந்தூர், சென்ட்ரல், சி.எம்.பி.டி.ன்னுதான் சொல்றாங்க. அந்த இடத்தோட கதைக்குள்ள இருந்து வராத பெயர் பலகையில் இருக்கும், வாயில் வராது.

*'பெயரில் என்ன இருக்கு?' என்று கேட்பவர்களுக்கு*

நம்ம தோழர்களே சிலர் கேட்பாங்க: வேலை நடந்தா போதாதா, பெயருக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

விருதுநகருக்குப் போய்க் கேளுங்க. 1956 ஜூலை 27 அன்னைக்கு தியாகி சங்கரலிங்கனார் அங்கே உண்ணாவிரதம் தொடங்கினார். சென்னை மாகாணத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் வை என்பது அவர் கோரிக்கைகளில் முதன்மையானது. 76 நாள் பட்டினி. அக்டோபர் 13-இல் உயிர் போச்சு. அன்னைக்குக் கோரிக்கை நிறைவேறலை. 1967 ஜூலை 18-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு. இன்னைக்கு நம்ம அடையாள அட்டையில் இருக்கும் அந்தச் சொல்லுக்காக ஒரு முதியவர் பட்டினி கிடந்து செத்திருக்கார். பெயரில் என்ன இருக்குன்னு அவரிடம் கேட்க முடியுமா?

*ஒரு கசப்பான பாடம்*

ஆனா பெயர் வைக்கிறதில் ஆபத்தே இல்லைன்னு சொல்ல வரலை. அதையும் நேர்மையா பேசணும்.

ஒரு காலத்தில் நம்ம மாவட்டங்களுக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள், மன்னர்கள், போராளிகள் பெயர்கள் இருந்தது வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1997-இல் விருதுநகரில் புதிதாகத் தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வெச்சாங்க. கட்டபொம்மனோட நின்னு வெள்ளையனை எதிர்த்த வீரர். ஆனா அந்தப் பெயர் போட்ட பேருந்தில் ஏறமாட்டோம்னு ஒரு கூட்டம் கிளம்புச்சு. தென் மாவட்டங்களில் மோதல். கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லா மாவட்டங்களிலிருந்தும், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாப் பெயர்களையும் எடுத்துட்டாங்க.

அமைதி திரும்பணும் என்ற கட்டாயம் புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க. தவறு செய்தது யார்? பெயரா, பெயரைப் பொறுக்க முடியாத சாதி வெறியா? தண்டனை பெயருக்குப் போச்சு.

அதே 1997-இல்தான் லீலாவதி கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூன் 30-இல்தான் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனை, அவருடன் வந்தவர்களோடு சேர்த்து, பேருந்தை மறித்து வெட்டினார்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய பதவியில் ஒரு பட்டியல் சாதிக்காரர் உட்கார்ந்தார் என்பது மட்டும்தான் அவர் 'குற்றம்'. ஜனநாயகத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்த ரெண்டு பேரை ஒரே மாவட்டம் ஒரே வருஷத்தில் பறிகொடுத்தது.

நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன? பெயரை ஒரு சாதிக்குக் கொடுக்கும் பரிசுப்பொருளா நீட்டக் கூடாது. தேர்தலுக்கு ஆறு மாசம் முன்னாடி எந்தச் சாதிக்கு எந்தச் சிலைன்னு கணக்குப் போடக் கூடாது. அப்படிச் செய்தா, அந்தப் போராளி ஒரு சாதியின் சொத்தா சுருங்கிடுவார். அவர் என்ன செய்தார் என்ற கதையை முதலில் ஊருக்குச் சொல்லணும். கதை தெரிஞ்ச ஊர் பெயரை மறுக்கக் கூச்சப்படும்.

2025 அக்டோபரில் தெருக்கள், நீர்நிலைகள் பெயர்களிலிருந்து சாதியை நீக்கச் சொல்லி அரசாணை வந்திருக்கு. நோக்கம் சரிதான். ஆனா சாதிப் பெயரை எடுத்த இடத்தில் என்ன வைக்கப் போறோம்? பூவின் பெயர், எண்ணின் பெயர் வெச்சு முடிச்சுக்கலாம். இல்லைன்னா அந்தத் தெருவுக்குச் சாக்கடையும் விளக்கும் கேட்டுப் போராடிய ஒருத்தர் பெயரை, சாதி ஒட்டு இல்லாமல் வைக்கலாம். நல்ல வாய்ப்பு இது. ஊருக்கு ஊர் பிடிச்சுக்கணும்.

*நாம் முன்வைப்பது*

1. தொட்டி, நூலகம், சமுதாயக் கூடம், சிறு பாலம், பேருந்து நிறுத்தம், ஊராட்சி அலுவலகம் போன்ற உள்ளூர்க் கட்டடங்களுக்கு உள்ளூரில் போராடியவர் பெயரையே முதலில் பரிசீலிக்க வேண்டும். மாநிலத் தலைவர்களுக்கு மாநிலமே இருக்கு.

2. உயிரோடு இருப்பவர் பெயர் வேண்டாம். பதவியில் இருப்பவர் பெயர் வேண்டவே வேண்டாம். நிதி கொடுத்தது அரசு, அதாவது நம்ம வரிப்பணம். அதுக்குத் தனியா பெயர்ப் பலகை எதுக்கு?

3. பெயரை மேலிருந்து அறிவிக்கக் கூடாது. கிராம சபையில் பேசி முடிவு செய்யணும். இப்போ வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் பகுதி சபையில் பேசலாம். போராடியவரின் குடும்பத்திடம் சம்மதம் கேட்ட பிறகே பெயர் வெளியே வரணும்.

4. பெயரோடு, அவர் என்ன செய்தார் என்ற ஒரு வரி எளிய தமிழில் கட்டாயம் இருக்கணும். பட்டங்கள் வேண்டாம். 'லீலாவதி டேங்க் இறங்கு'ன்னு கண்டக்டர் கூப்பிடுற அளவுக்குப் பெயர் சுருக்கமா இருக்கட்டும்.

5. பெண்கள் பெயர். உங்க ஊரில் பெண் பெயர் தாங்கிய பொதுக் கட்டடம் எத்தனைன்னு விரல் விட்டு எண்ணுங்க. கோயிலைக் கணக்கில் சேர்க்காதீங்க. காலிக் குடத்தோட முதலில் சாலைக்கு வந்தது யார்னு யோசிச்சா, இந்தக் கோரிக்கைக்கு விளக்கமே தேவையில்லை.

*நமக்கு நாமே சொல்லிக்க வேண்டியது*

இனி சொல்லப்போறது நம்ம தோழர்கள் சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

நாளைக்கு நம்ம கட்சிக்காரர் ஒருத்தர் வார்டு உறுப்பினர் ஆவார், ஊராட்சித் தலைவர் ஆவார். முதல் கட்டடம் எழும்பும். உடனே ஒரு ஆர்வக்கோளாறு தோழர், 'நம்ம தலைவர் பெயரை வெச்சுடலாம்ணே'ன்னு வந்து நிப்பார். பாசம்தான், தப்புச் சொல்லலை. ஆனா அந்த நிமிஷம் நீங்க சொல்ல வேண்டிய பதில்: 'வேணாம்பா. இதுக்காக நம்ம ஊரில் யார் அலைஞ்சாங்க, அதைச் சொல்லு.'

அந்த ஆள் வேற கட்சியா இருக்கலாம். நம்மைத் தேர்தலில் எதிர்த்தவரா இருக்கலாம். எந்தக் கட்சியிலும் இல்லாத, பென்ஷன் வாங்கின வாத்தியாரா இருக்கலாம். நூறு நாள் வேலைக்குப் போற பாட்டியா இருக்கலாம். அவங்க பெயரை நம்ம கை எழுதினா, நாம் எதுக்காக அரசியலுக்கு வந்தோம்னு ஊருக்குப் புரியும். எதிர்க்கட்சிக்காரர் பெயரை மனசார எழுதத் தெரிஞ்ச கட்சிதான் எல்லா மக்களுக்குமான கட்சி.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லணும். பெயர் வைக்கிறதையே வேலையா காட்டி ஏமாத்துறவங்களும் வருவாங்க. 'பெயர் வெச்சாச்சுல்ல, இன்னும் என்ன?'ன்னு கேட்பாங்க. தண்ணிக்காகச் செத்தவர் பெயரைத் தாங்கிய தொட்டியில் தண்ணி வரலைன்னா, அது அவருக்குச் செய்யும் ரெண்டாவது கொடுமை. அதனால பெயர்ப் பலகை வந்த நாளிலிருந்து நம்ம வேலை கூடுது, குறையலை. அந்தத் தொட்டியை மாசம் ரெண்டு தடவை கழுவுறாங்களான்னு பார்க்கிறதும், குழாயில் நேரத்துக்குத் தண்ணி வருதான்னு பார்க்கிறதும்தான் உண்மையான மாலை மரியாதை.

*இப்போ உங்க வேலை*

இந்தப் பதிவுக்கு லைக் மட்டும் போட்டுட்டுப் போயிடாதீங்க.

உங்க ஊரில், உங்க வார்டில் ஒரு பாலத்துக்காக, பள்ளிக்கூடத்துக்காக, சுடுகாட்டுப் பாதைக்காக, தண்ணிக்காக உழைச்சு மறைந்தவர் யார்? பெரியவங்ககிட்ட போய் உட்கார்ந்து கேளுங்க. பழைய மனுக்கள் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கும், தேடுங்க. அவர் என்ன செய்தார்னு பத்து வரியில் எழுதுங்க. குடும்பத்தாரிடம் பேசுங்க. அடுத்த கிராம சபையில் எழுந்து நின்னு அந்தப் பத்து வரியை வாசிங்க. தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்க. மறுத்தா, ஏன் மறுக்கிறாங்கன்னு அதையும் பதிவு செய்யச் சொல்லுங்க.

ஒரே கூட்டத்தில் நடந்துடாது. ஒரு வருஷமும் ஆகலாம். ஆனா அந்தக் கதையை நீங்க ஊர் நடுவில் வாசிச்ச அன்னைக்கே பாதி வேலை முடிஞ்சிடும். பெயிண்ட் அடிக்கிறது மீதிப் பாதி.

கல்வெட்டில் இடம் கம்மியா இருக்குன்னு யாராவது சொன்னா, முன்னிலை வகித்தவர்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்க. முன்னால நின்னவங்க வராங்க.

வழங்கியவர் பெயர் அழியட்டும்! போராடியவர் பெயர் நிலைக்கட்டும்!

#போராடியவர்_பெயர்
#ஊர்க்கதை_ஊருக்கே
#லீலாவதி_குடிநீர்த்தொட்டி